மூன்றாம் வளைவு

பந்தயத்தில் எனக்கு ஒரே ஒரு திறமைதான் உண்டு. மூன்றாம் வளைவில் காரைச் சுவரில் மோதுவேன். முழங்கை நீள ஃபார்முலா கார்தான், ரிமோட்டில் ஓடுவது. அதற்கு ஸ்பிரிங் மாற்றி, முன்சக்கரச் சாய்வைச் சரிபார்ப்பவள் என் தங்கை.

"இன்னிக்கும் கடைசியா வந்தேன்னு வை, ரிமோட்டை என்கிட்ட குடுத்துடணும்ணா. நான் செஞ்சு குடுக்குறேன், நீ உடைச்சுக் குடுக்குற. போதாதா?"

போதும்தான். ஆனால் ரிமோட் போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் யார்?

கொடி இறங்கியது. ஓட்டுபவர்களுக்கான மேடையில் நின்று, வியர்த்த விரலால் விசையை அழுத்தினேன். கார், பழகிய வீட்டுக்குள் போய் வருவதுபோல் மூன்றாம் வளைவைக் கடந்தது. எனக்கே வெட்கமாக இருந்தது.

தங்கை மூச்சிரைக்க மேடையேறி வந்தாள்.

"அண்ணா, ரிமோட்டுக்கு பேட்டரி மாட்டினியா?"

"நீ மாட்டலையா?"

"நீதானே சார்ஜ் போட்டே!"

ரிமோட்டைத் திருப்பினேன். பேட்டரிப் பெட்டி காலியாக இருந்தது. சிக்னல் இல்லாவிட்டால் கார் நின்றுவிட வேண்டும். அவள் அப்படித்தான் அமைத்திருந்தாள். கார் முன்னால் போன இரண்டையும் முந்தியது.

"எதையும் தொடாதே. ஜெயிக்குது," என்றாள் மெதுவாக.

ஜெயித்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நான் தலையாட்டினேன், வேறென்ன செய்ய? கார் வேகம் குறைந்து எங்களைக் கடந்து, மேடையின் கோடியில் யாரும் நிற்காத இடத்துக்குக் கீழே போய் நின்றது. அங்கிருக்கும் யாருக்கோ கையசைப்பதுபோல் முன்சக்கரங்களை இடமும் வலமுமாக ஆட்டியது.

ரிமோட்டைத் தங்கையிடம் நீட்டினேன். அவள் கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். கீழே சக்கரங்கள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தன.