பூட்டு சார் சொல்லாத காரணம்

அநியாயம் நடந்தது என் அறைத்தோழிக்கு. ஆய்வேட்டைக் கொடுக்க ஒன்பது நாள்தான் பாக்கி. நூலக இணையதளத்தில் அவளுடைய கணக்கை மூடிவிட்டார் நூலகர். அவருக்கு நாங்கள் வைத்த பெயர், பூட்டு சார்.

மருத்துவம், சட்டம், பொருளாதாரம் என்று மூன்று துறைக் கட்டுரைகளும் அவளுக்கு வேண்டும். ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தவளை முந்தின நாள்தான் நகரச் சொல்லிவிட்டு, சின்னதாக ஒரு புரோகிராம் எழுதி, மொத்தமாக இறக்க விட்டிருந்தேன். எண்ணூறைத் தாண்டியதும் நின்றுவிட்டது.

"விடுடி வக்கீலம்மா, சண்டை வேணாம்" என்றாள். விடுவேனா? அவளையும் இழுத்துக்கொண்டு அவர் மேசைக்குப் போனேன்.

"எதுக்கு சார் மூடினீங்க?"

"கொஞ்ச நாள் மூடியிருக்கட்டும்மா. என்னென்ன கட்டுரை வேணும்னு இந்தத் தாள்ல எழுதிக் குடுங்க. நானே எடுத்துத் தர்றேன்."

"காரணம் கேட்டேன் சார். கருணை கேக்கல."

அவர் தோழியை ஒரு தரம் பார்த்தார். "காரணம் வேணாம்மா."

தாளைக் கிழித்து அவர் மேசையிலேயே போட்டேன்.

அன்றே பதிவாளருக்கு நாலு பக்கப் புகார். விசாரணையில், "தவறுதலா மூடிட்டேன்" என்பதோடு நிறுத்திக்கொண்டாராம். கணக்கு திறந்தது. அவரை ஊர்க்கோடிக் கிளை நூலகத்துக்கு, பழைய நாளிதழ் அடுக்கும் வேலைக்கு மாற்றினார்கள். கேன்டீனில் எனக்குக் கைதட்டல்.

தோழி பட்டமும் வாங்கிவிட்டாள். போன வாரம் என் ஆய்வுக்குக் கட்டுரை தேடினால், 'ஒரு நாளைக்கு ஐம்பதுதான்' என்று வந்தது. புது நூலகரிடம் போனேன்.

"இது யார் போட்ட சட்டம் மேடம்?"

அந்த அம்மா ஒரு கோப்பை என் பக்கம் திருப்பி வைத்தார்.

கட்டுரைகளை விற்கும் நிறுவனத்தின் கடிதம். கணக்கை மூடிய நாளின் தேதி. 'உங்கள் மாணவர் ஒருவர் ஒரே மணி நேரத்தில் எண்ணூற்றுப் பன்னிரண்டு கட்டுரைகளை இறக்கியிருக்கிறார். பெயரைத் தெரிவியுங்கள். அவரது ஆய்வுப் பதிவை ரத்து செய்யக் கோரப்போகிறோம்.'

கீழே பூட்டு சாரின் பதில்: 'மாணவர் யாரும் இல்லை. மென்பொருள் ஒன்றைச் சோதித்தபோது நான் செய்த தவறு.'

இரண்டு பஸ் மாறி அந்தக் கிளைக்குப் போனேன். முழங்கை வரை தூசியோடு நாளிதழ்க் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"அதை இறக்கினது அவ இல்ல சார், நான். அன்னைக்கே காரணத்தைச் சொல்லியிருக்கலாமே?"

அவர் நிமிரவில்லை.

"சொல்லியிருந்தா, அதையும் புகார்ல எழுதியிருப்பீங்களேம்மா."