வானத்தில் ஒரு புள்ளி

பழைய கௌபாய் படங்களின் புளூ-ரே டிஸ்க் எது வந்தாலும் தெய்வநாயகம் தன் விமர்சன நோட்டில் கதையைப் பற்றி ஒரு வரிகூட எழுத மாட்டார். படம் எவ்வளவு தெளிவு என்பதற்கு மட்டும்தான் மதிப்பெண். இந்தப் படத்தில் குதிரைக்காரனின் தாடியில் ஒட்டிய மணலைக்கூட எண்ணிவிடலாம். ஆனால் பாலைவனத்து வானத்தில் ஒரு கறுப்புப் புள்ளி.

"ஒரு டிஸ்க்கை ஒழுங்காத் தயாரிக்கத் தெரியல இந்தக் கம்பெனிக்காரனுங்களுக்கு" என்று திட்டிக்கொண்டே நோட்டில் பத்துக்கு நான்கு போட்டார். ஆத்திரம் அடங்காமல் காட்சியை நிறுத்திவிட்டுத் திரைக்குப் பக்கத்தில் போனார். குதிரை அசையவில்லை, மேகம் அசையவில்லை. புள்ளி மட்டும் மெல்ல நகர்ந்தது.

"சௌந்தரி, இங்க வா. இந்தப் புள்ளி தெரியுதா?"

அடுப்படியிலிருந்து வந்த மனைவி முந்தானையால் திரையைத் துடைத்தாள். "எந்தப் புள்ளிங்க? வானம் பளிச்சுனுல்ல இருக்கு."

அவர் அவள் பக்கம் திரும்பி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன, அப்படிப் பாக்குறீங்க?"

"இன்னிக்கு ரெண்டு பொட்டு வெச்சிருக்கியா?"

அவள் நெற்றியைத் தடவிப் பார்த்தாள். "ஒண்ணுதானேங்க."

தெய்வநாயகம் நோட்டை எடுத்தார். நான்கை அடித்துவிட்டு, பக்கத்தில் பத்து என்று எழுதினார்.