முடிவெட்ட ஆளில்லாத ஊரு

கடலுக்கு ஏழு நாள் நடை தூரத்துல ஒரு கடலைக்காடு. அங்க தண்ணிக்குக் கிணறு வெட்டினா, கறுகறுன்னு எண்ணெய் பொங்கிருச்சு! அத எடுக்க நூறு பேர் வந்து எறங்கினாங்க. அவங்க தின்னு சிந்துற கடலைதான் வெள்ளெலி மொக்கையனுக்கும் பொண்டாட்டி செவந்திக்கும் சோறு.

ஒருநாள் தொறைமொகத்துக் கடல்காக்கா வந்து, "க்கீ... க்கீ... முடிவெட்டக்கூட ஆளில்லாத ஊருல எவன்டா தங்குவான்? நாளைக்கே ஓடிருவானுங்க!"ன்னு எகத்தாளம் பேசிட்டுப் போச்சு.

மொக்கையன் பொண்டாட்டிகிட்ட ஓடுச்சு. "செவந்தி, நம்ம சோத்துல மண்ணுதான்டி!"

"ஒளறாத மாமா. முடிவெட்டிக்கப் போகவர பதினாலு நாளு நடப்பாங்களாக்கும்? வெட்டுறவர இங்கயே கூட்டியாருவாங்க, பாரு!"

அப்படியே கூட்டியாந்தாங்க. வந்தவரு டீ இல்லாம கத்தரியத் தொடமாட்டேன்னுட்டாரு. டீக்கடைக்காரரு வந்தாரு, எருமையோட. எருமைக்குப் புல்லறுக்க நாலு குடும்பம் வந்துச்சு. அதுக புள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், வாத்தியாருக்கு வீடு, வீடு கட்டக் கொத்தனாருன்னு ஊரு வீங்கிக்கிட்டே போச்சு. பக்கத்துல எதுவுமே இல்லையே, எல்லாம் இங்கயே வந்துதான ஆகணும்!

மறுவருசம் வந்த கடல்காக்காவுக்குக் காலையிலருந்து சுத்திச் சுத்திக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போச்சு. "மொக்கையா! எங்கடா இருக்க?"

மொக்கையன் நெஞ்ச நிமித்திக்கிட்டுக் கத்துச்சு: "டீக்கடைக்குப் பின்னாடி அண்ணே!"

"எந்த டீக்கடைடா? நாப்பது இருக்கேடா!"