எதன் மேல் வளர்ந்தது?

கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலைகளுக்குப் பின்னால் இருந்த முள்காட்டில், 2006 மே மாதம், நானும் யாசரும் செடி சேகரித்துக்கொண்டிருந்தோம். இருவரும் தாவரவியல் ஆய்வு மாணவர்கள். நான் பறிப்பேன். அது எங்கே வளர்ந்தது என்று அவன் சீட்டில் எழுதுவான்.

ஒரு பனைமரத்தில் பெரணி ஒட்டியிருந்தது. மழை விடாத மலைக்காட்டில் வளரும் வகை. இங்கே வேலிகாத்தானே வெயிலில் கருகிக் கிடந்தது. பறிக்கும்போது கத்தரி வழுக்கி, நடு இலையின் நுனி கோணலாக வெட்டுப்பட்டது.

"எது மேல இருந்திச்சி, நர்மதா?"

"பனை."

செய்தித்தாளுக்குள் வைத்து, இரண்டு பலகைகளுக்கு நடுவே வாரால் இறுக்கிக் கட்டினோம்.

கொஞ்ச தூரத்தில் ஒரு வேப்பமரத்தில் அதே பெரணி இருந்தது. நடு இலையின் நுனி கோணலாக வெட்டுப்பட்டிருந்தது.

கட்டைப் பிரித்தோம். தாள் நனைந்திருந்தது. பெரணி இல்லை.

"பேஜாரா கீது. இதையும் எடுத்துக்கினு கெளம்பிடலாம்," என்றான் யாசர்.

அதைப் பறித்து மறுபடி கட்டி, அவன் முதுகில் மாட்டிக்கொண்டான். பைக்கை நோக்கி வேகமாக நடந்தோம். அவன் சட்டை நனைந்துகொண்டே வந்தது.

பைக் அருகே எனக்கு முதுகு காட்டிக் குந்தி, கட்டைப் பிரித்தான். தாளில் ஒன்றுமில்லை.

"திரும்ப எங்கனா மொளச்சிருக்கும், பாரு," என்றான் திரும்பாமல். பேனாவைத் திறந்தான். "இப்ப எது மேல?"

நான் ஓரடி பின்வாங்கினேன்.

"சொல்லேன்," என்று பிடரியைச் சொறிந்தான். அவன் விரல்களுக்கிடையே, நுனி வெட்டுப்பட்ட இலை மெல்ல நிமிர்ந்தது.