பதினோரு வகை மீன்

ஆற்றில் பதினோரு வகை மீன் உயிரோடு நீந்துவதைக் கேமரா எண்ணி முடித்தால்தான் அந்த ஆற்றுத் தண்ணீரை ஊர்க் குழாயில் திறந்துவிடுவார்கள். சாயப்பட்டறைக் கழிவு ஓடும் எங்கள் ஆற்றில் புழுகூடக் கிடையாது. ஒரு வருடமாகக் குழாய் வறண்டு கிடந்தது. அதனால் இந்த முறை மீன்களை லாரியில் கொண்டுவந்தார்கள். இறக்கிவிடுவது என் வேலை.

கூடையைக் கவிழ்த்த மறுநொடி கெண்டையும் கெளுத்தியும் துள்ளிக் கரையேறின. ஊதா நுரை அப்பிய வாயைப் பிளந்துகொண்டு என் கால்மேல் விழுந்தன. ஆற்றின் நாற்றம் மூக்கைத் துளைத்தது.

"பாத்துட்டு நிக்கறீங்களேக்கா, உள்ள தள்ளுங்க!" என்று மூக்கைப் பொத்தியபடி கத்தினார் அதிகாரி நிகிலேஷ். "பத்து நிமிசம் உசுரோட இருந்தாப் போதும்."

விளக்குமாற்றால் தள்ளினேன். திரும்பத் துள்ளியவற்றைக் காலால் அழுத்திப் பிடித்தேன். கேமரா எண்ணி முடித்தது. செத்து மிதந்ததையெல்லாம் வாரிச் சாக்கில் கட்டிவிட்டு, கையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். நான் செய்தது என்ன வேலை என்று வீட்டில் தெரியாது.

"ஆறு பாசாயிருச்சாமா புள்ள! ஃபோன்ல வந்துச்சு. கொழாயில தண்ணி கொட்டுது," என்றார் என் கணவர் கதிர்வேல். அவர் மடியில் எங்கள் பத்து மாதக் குழந்தை. பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர்.

அவர் ஊட்டிய கரண்டித் தண்ணீரைக் குழந்தை துப்பியது. உதட்டை இறுக்கிக்கொண்டு மடியிலிருந்து துள்ளியது.

"நல்ல தண்ணியப் போயித் துப்பறாளே," என்றவர், அதன் கால்களைத் தொடையிடுக்கில் அழுத்திப் பிடித்து, மூக்கைப் பொத்தி, இன்னொரு கரண்டி ஊற்றினார்.

நான் கை நீட்டுவதற்குள் விழுங்கிவிட்டது.