யோகேஸ்வரனின் வாய்ராசி

இடைவேளை விசில் ஊதியபோது ஸ்கோர் ஒன்றுக்கு ஒன்று. கூடாரத்துக்குள் ஒருவருக்கும் தேநீர்கூட இறங்கவில்லை.

செவன் ஹில்ஸ் மைதானத்தில் பழைய மாணவர் உதைபந்தாட்டக் கிண்ணத்தின் இறுதி ஆட்டம். யாழ்ப்பாணத்தில் படித்த கல்லூரியின் மானத்தைச் சிட்னியில் காப்பாற்ற வேண்டியவர்கள் புல்லில் மல்லாந்து கிடந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

பயத்தை மறக்கத்தான் அவர்களில் ஒருவனான கஜீவன் அந்தப் பேச்சை எடுத்தான். தங்கள் அணியைப் பற்றிச் சொன்ன ஆரூடங்களில் யாருடையது படுமோசமாகப் பொய்த்தது?

முதலில் தன்னுடையதையே சொன்னான். ஒரு முறை மூன்று கோல் நிச்சயம் என்று அடித்துச் சொன்னானாம். மூன்றும் விழுந்தன, எல்லாம் தங்கள் வலையில். மழைக்கு ஆட்டம் நடக்காது என்று சப்பாத்தை வீட்டிலே விட்டுவிட்டு வந்த நிதுஷன், யாரோ ஒரு அங்கிளின் நடைச்சப்பாத்தை மாட்டிக்கொண்டு ஓடிய கதையும் வந்தது.

ஆனால் இவர்கள் எல்லாம் கற்றுக்குட்டிகள். எல்லோர் கண்ணும் மூத்த பழைய மாணவரான யோகேஸ்வரன் பக்கம் திரும்பியது.

இந்தக் கலையில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. கிண்ணம் நமக்குத்தான் என்று, கல்லூரிச் சின்னம் போட்டுக் கேக் செய்வித்துக் கொண்டுவந்தவர் அவர். அந்தக் கேக்கை எதிரணிக்காரர்தான் ரசித்துத் தின்றார்கள். அணித்தலைவன் கபிலனுக்குப் பெனால்டி தவறவே தவறாது என்று அவர் சொல்லி வாய் மூடவில்லை, பந்து வேலியைத் தாண்டிப்போய் அவருடைய காரின் மேலேயே விழுந்தது.

பிறகு ஒரு நாள் மனம் வெறுத்து, இன்றைக்குத் தோற்போம் என்றார். வென்றார்கள்.

அன்றிலிருந்து இது வழக்கமாகிவிட்டது. ஆட்டத்துக்கு முன் அணித்தலைவன் வந்து அவர் முன்னால் நிற்பான். அவர் தோற்போம் என்று திருவாய் மலர வேண்டும். தேங்காய் உடைக்க மறந்தாலும் இதை மறப்பதில்லை.

இப்போதும் தலைவன் கபிலன் வேர்வை சொட்ட எழுந்து வந்தான்.

"அங்கிள், இன்னொருக்கால் சொல்லுங்கோ."

"தோப்பம்," என்றார் யோகேஸ்வரன், ஆசீர்வாதம் செய்கிற முகத்தோடு.

கூடாரம் கைதட்டியது. "அங்கிள் சொன்னா எதிர்மாறாத்தான் நடக்கும். ஒரு நாளும் தப்பினதில்லை," என்றான் கஜீவன்.

யோகேஸ்வரனும் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

காலையில் நார்த்மீட்டிலுள்ள வீட்டிலிருந்து வரும்போது, காருக்குள் வைத்து அவர் பவளத்திடம் ஒன்று சொல்லியிருந்தார்.

பவளம் அவருடைய மனைவி. அவளுடைய மார்பில் தட்டுப்பட்ட கட்டியிலிருந்து ஊசியால் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு கேட்கத் திங்கட்கிழமை டாக்டரிடம் போக வேண்டும்.

"ஒண்டும் இருக்காது. சும்மா யோசியாதையும்," என்று அவர் சொல்ல, அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு ஓம் என்றாள்.

ஒண்டும் இருக்காது.

இத்தனை காலம் ஊரைச் சிரிக்கவைத்த வாய், போயும் போயும் இதையா சொல்லியிருக்கிறது? யாரும் கேட்காமல், தானாக, முந்திக்கொண்டு.

இது விசர்த்தனம் என்று அவருக்குத் தெரியும். பாலங்களுக்குக் கணக்குப் போடுகிற பொறியியலாளர் அவர். தெரிந்தும் கால்கள் கூடாரத்தின் மற்றப் பக்கத்துக்கு நடந்தன.

பவளம் அங்கே எல்லோருக்கும் தின்ன ரோல்ஸ் அடுக்கிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமைகளை எல்லாம் பந்து தின்றுவிட்டது என்று எப்போதும் புறுபுறுக்கிறவள். இன்று அவளே விடிய எழும்பி, ரோல்ஸ் பொரித்து, அவருடைய கல்லூரித் தொப்பியைத் தேடி எடுத்துக் கொடுத்து, நேரமாகுது என்று அவரைக் கிளப்பியிருந்தாள்.

அவர் அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றார். காலையில் சொன்னதை மாற்றிச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். எத்தனையோ தரம் கூச்சமில்லாமல் தோற்போம் என்ற வாய்க்கு அது வரவில்லை.

சொன்னால் அவளுக்கு விளங்கும், அவளும் சிரித்துவிடுவாள் என்று நம்பினார். இதுவும் தன்னுடைய இன்னொரு ஆரூடம் என்பது அந்த நேரத்தில் அவருக்கு உறைக்கவில்லை.

"பவளம், காலமை பிழையாச் சொல்லிப்போட்டன். இருக்கும். கான்சர்தான்."

ரோல்ஸ் தட்டில் அவள் கை அப்படியே நின்றது.

அவள் சிரிக்கவில்லை. கோபிக்கவும் இல்லை. கையைத் துடைத்துவிட்டு, கோணலாக இருந்த அவருடைய தொப்பியை நேராக்கினாள்.

"டாக்டர் நேற்றே போன் எடுத்தவ," என்றாள். "மட்ச் முடிஞ்சு சொல்லுவம் எண்டு இருந்தனான்."

இரண்டாம் பாதிக்கு விசில் ஊதியது. கூடாரத்தில் இருந்தவர்கள் எல்லாம் கோட்டருகே ஓடினார்கள். யோகேஸ்வரன் போகவில்லை.

பவளம் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இண்டைக்குத்தான், இப்பத்தான், நீங்கள் சொன்னது சரியா வந்திருக்கு."