நெல் அவிக்கும் முற்றத்தில் பனியுகம்

குடவாசல் வீட்டு முற்றத்தில் இரண்டு தாம்பாளங்கள். ஒன்றில் நெல் அவித்த அண்டாவிலிருந்து மொண்ட வெதுவெதுப்பான நீர் லேசாக ஆவி விடுகிறது, மற்றதில் குளிர்ந்த கிணற்றுநீர். இரண்டுக்கும் மேலே, மீன்கடை ஐஸும் கல்லுப்பும் நிரப்பிய எவர்சில்வர் தூக்குகள் கொடிக்கயிற்றில் தொங்குகின்றன. "கடலு குளுந்தாத்தானம்மா பனியுகம் வரும்" என்கிறார் அந்தோணிமுத்து, காயும் நெல்லைக் காலால் துழாவியபடி. "இல்ல மாமா. நெலம் குளுந்த பெறகும் கடல் சூடா இருக்கணும். அப்பத்தான் ஆவி நெறைய எழும்பிப் பனியா விழும். இந்தத் தாம்பாளந்தான் கடல், மேல தொங்குற தூக்கு குளுந்த நெலம்" என்கிறாள் மருமகள் சான்ட்ரா. நாளை இதைப் பற்றித்தான் அவளுடைய முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு. மாமனாரே நம்பாததை அங்கே யார் நம்புவார்கள்? காலை வெயில் தூக்குகளைத் தொடுகிறது. கிணற்றுநீருக்கு மேலுள்ளதில் மூச்சு பட்ட கண்ணாடிபோல மெல்லிய வெண்மை. வெதுநீருக்கு மேலுள்ளதிலோ பனி பஞ்சாய்த் தடித்து ஏறியிருக்கிறது. அவர் நகத்தால் சுரண்டுகிறார், துகள் விரலில் உருகுகிறது. பிறகு வேலிப்பக்கம் திரும்பி, தோற்றவரின் குரலே இல்லாமல் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுகிறார். "வீரையண்ணே, சட்டுனு வாங்க. எங்க மருமவ கடலச் சுடவச்சே பனியுகத்தக் கொண்டாந்துட்டா."